கொழுந்து பறிப்பவருக்குப் பச்சைக் கம்பளம் தெரியுமா?

ஊட்டியையோ கோத்தகிரியையோ களமாக வைத்து எழுதும் கதைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தேயிலைத் தோட்டம்." சுற்றுலா வந்தவரின் கண்ணில் இப்படிப் பட்டால் குற்றமில்லை. பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் பார்வையில் நகரும் கதையிலும் அதே வரி வருகிறதே, அங்கேதான் கதை சறுக்குகிறது.

அவர் தோட்டத்துக்குள் நுழையும்போது வேறு என்னென்னவோ கண்ணில் படும். இந்த வரிசையைப் போன முறை விட்டுவிட்டார்கள், இலை முற்றியிருக்கும். ராத்திரி மழை இன்னும் காயவில்லை, ஈரக் கொழுந்து என்று சொல்லி எடையில் கழிப்பார்கள். அந்தச் சரிவில் கறுப்பாக நிற்பது பாறையா, காட்டெருமையா? இவற்றில் ஒன்றை எழுதினாலே தோட்டமும் வந்துவிடும், அந்தப் பெண்ணும் வந்துவிடுவார். கம்பளத்தை எழுதினால் தெரிவது எழுத்தாளர் வந்து இறங்கிய டாக்ஸி மட்டும்தான்.

பார்வைக்கோணம், பாத்திரப் படைப்பு என்று இரண்டு தனிப் பாடங்களாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். எழுதும்போது அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. ஒருவர் எதைக் கவனிக்கிறார், எதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார் என்பதில்தான் அவருடைய தொழில், வயது, பயம், ஆசை எல்லாம் இருக்கிறது. கோணம் தவறினால் பாத்திரமும் கூடவே தவறுகிறது.

உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகிவிடும். விடுதியில் தங்கியவர் விடிகாலையில் போனை எடுத்துக்கொண்டு ஓடுவார். மலைக்காரருக்கு அது முந்தின இரவே தெரிந்துவிடும். மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது. வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் தேயிலை வைத்திருப்பவர் ஜனவரி இரவில் வெளியே வந்து நட்சத்திரங்களைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று நினைக்கமாட்டார். செடி கருகிவிடுமே என்றுதான் நினைப்பார். அதே இரவு, அதே வானம். கதை யாருடையது என்பதைப் பொறுத்து அது காதல் காட்சியாகவோ கவலைக் காட்சியாகவோ ஆகிறது. இதைத் தீர்மானிக்காமல் எழுதுகிறவர்கள் முதலில் நட்சத்திரத்தை வர்ணித்துவிட்டு, அப்புறம் கவலையை ஒட்டவைக்கிறார்கள். ஒட்டு தெரிந்துவிடுகிறது.

வினைமுற்றில் ஒளிந்திருக்கும் சாய்வு

தமிழில் எழுதுகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் ஒரு பொறியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: "சூப்பர்வைசர் வந்தார். மாரியம்மா கூடையை இறக்கினாள்." சூப்பர்வைசருக்கு இருபத்தைந்து வயது. மாரியம்மாவுக்கு அறுபது. அவருக்கு 'ஆர்', இவருக்கு 'ஆள்'. யார் சொல்கிற கதை இது? தோட்ட ஆபீஸ் சொல்கிறதா? கதைசொல்லி நடுநிலையாகத்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். வினைமுற்று ஏற்கெனவே பக்கம் சாய்ந்துவிட்டது.

கதை மாரியம்மாவின் மனசுக்குள்ளிருந்து நகர்கிறது என்றால், அங்கே அவன் "அந்தப் பையன்"தான். "பையன் வந்தான். வரும்போதே நோட்டைத் திறந்துகொண்டு வந்தான்." ஆனால் அவன் எதிரே நிற்கும்போது மாரியம்மா சொல்வது "சரிங்க சார்". உள்ளே 'வந்தான்', வெளியே 'சரிங்க சார்'. இந்த இடைவெளி ஒன்றே அந்தத் தோட்டத்தில் யார் யாருக்கு எங்கே இடம் என்று காட்டிவிடும். தனியாக ஒரு பத்தி விளக்கம் வேண்டாம்.

அம்மாவை 'வந்தாள்' என்பதா 'வந்தார்' என்பதா 'வந்துச்சு' என்பதா என்பதும் இப்படித்தான். மூன்றுமே சரி. மூன்றும் மூன்று வீடுகள். எதை எடுத்தாலும் காரணம் இல்லாமல் நடுவில் மாற்றாதீர்கள். மாறினால் அது கதையில் ஒரு நிகழ்ச்சியாக இருக்கவேண்டும். பெரியப்பாவை 'அவர்' என்றே சொல்லிவந்த ஒருவன், நிலப் பத்திரத்தைப் பார்த்த பிறகு முதல்முறையாக 'அவன்' என்கிறான் என்று வையுங்கள். அந்த ஓர் எழுத்து செய்வதை ஒரு முழுச் சண்டைக் காட்சி செய்யாது.

ஒரே காட்சியில் இரண்டு மண்டைக்குள்

எல்லோருக்கும் தெரிந்த தவறு, எல்லோரும் செய்வது. "இன்றைக்கும் எடையில் கை வைப்பான் என்று மாரியம்மா நினைத்தாள். இந்தக் கிழவிக்கு எப்போதும் சந்தேகம் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது." இரண்டு பேர் மனசும் தெரிந்துவிட்டதால் வாசகர் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. மாரியம்மாவின் பக்கமே நில்லுங்கள்: "தராசில் எண் நிற்பதற்குள் அவன் எழுதிவிட்டான். எழுதிய பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்." இப்போது அவன் திருடுகிறானா, அவசரப்படுகிறானா என்று நமக்கும் தெரியாது. மாரியம்மாவுக்கும் தெரியாது. பதற்றம் அங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் எல்லோர் மனசுக்குள்ளும் போகும் கதைசொல்லியே கூடாதா? தாராளமாகக் கூடும். ஆனால் அவர் முதல் பத்தியிலேயே தன் குரலோடு வந்து உட்கார்ந்துவிட வேண்டும். ஊர்க்கதையெல்லாம் தெரிந்த, கொஞ்சம் கிண்டலும் உள்ள ஒரு குரல் தொடக்கத்திலிருந்தே பேசினால், அது யார் மனசுக்குள் போனாலும் நாம் கூடவே போவோம். ஐந்து பக்கம் மாரியம்மாவோடு மட்டும் இருந்துவிட்டு, வசதிக்காக ஒரு வரி அவன் மண்டைக்குள் எட்டிப்பார்ப்பதுதான் பிழை.

பேகன் கதையை யார் சொல்கிறார்கள்

இதற்கெல்லாம் வெளியே போய்ப் பாடம் படிக்கவேண்டியதில்லை. பழனி மலையின் பழைய பெயர் பொதினி. அந்த மலை நாட்டு வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் அப்போது அவன் மனசில் என்ன இருந்தது? புறநானூற்றில் பரணர் இதை இரண்டு விதமாகச் சொல்கிறார். 141-ஆம் பாட்டில், மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான். 145-ஆம் பாட்டில், மயில் குளிரில் நடுங்குமே என்று இரங்கிக் கொடுத்தான்.

முரண் மாதிரி தெரியும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்த்தால் விளங்கிவிடும். முதல் பாட்டில் பரிசு பெற்ற ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டுகிறான். பயன்படுமா என்று பாராமல் கொடுப்பவன் அவன், நீயும் போ என்பதுதான் அங்கே சேதி. இரண்டாவதில் பேகனிடமே நேருக்கு நேர் பேச்சு. மயிலுக்கு இரங்கியவனே, உன் மனைவிக்கு இரங்கமாட்டாயா என்று கேட்கவேண்டும். அங்கே இரக்கம்தான் தேவை. சொல்பவரும் கேட்பவரும் மாறினால் ஒரே செயலுக்கு வேறு மனசு வந்துவிடுகிறது. பாத்திரத்துக்கு ஒரே ஒரு 'உண்மையான' உள்நோக்கம் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப்பார்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 144-ஆம் பாட்டு இன்னும் நுணுக்கமானது. பேகன் மனைவியைப் பிரிந்துபோயிருக்கிறான். இருட்டும் நேரம், பரணர் யாழை மீட்டிப் பேகனுடைய காட்டைப் பாடுகிறார். ஒரு பெண்ணின் கண்ணீர் மார்பை நனைக்கிறது. "நீ எங்கள் பேகனுக்கு உறவா?" என்று கேட்கிறார். காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்: "யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்." நாங்கள் அவனுக்கு உறவில்லை. அப்புறம், எங்களைப்போல் இன்னொருத்தியின் அழகை விரும்பி முல்லை வேலி சூழ்ந்த ஊருக்கு அவன் தினமும் போகிறானாம் என்கிறாள்.

அவள் மனசுக்குள் பரணர் ஒரு வரிகூட நுழையவில்லை. துயரம், அவமானம், கோபம் என்று எந்தப் பெயரும் சூட்டவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறார். உறவில்லை என்ற மறுப்பிலேயே உறவு முழுவதும் வந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவன் போகிறான் என்று அவள் அடித்துச் சொல்லவில்லை, 'என்ப' என்கிறாள். நேரில் பார்க்கவில்லை, ஊர் சொல்கிறது. அவளுக்குத் தெரிந்ததன் எல்லை அதுதான். நாம் இன்றும் பேச்சில் 'போனானாம்', 'வாங்கினாராம்' என்று இதே வேலையைச் செய்கிறோம். எழுத உட்கார்ந்ததும் ஏனோ அந்த 'ஆம்' காணாமல் போய், எல்லாப் பாத்திரங்களும் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்களாகிவிடுகிறார்கள்.

எட்டு வயதுக்காரனின் 'நான்'

கொடைக்கானல் மலையில் 2006-இல் குறிஞ்சி பூத்தது. பிறகு 2018-இல். எட்டு வயதில் பூவைப் பார்த்த ஒரு பையன் இருபது வயதில் மறுபடி பார்க்கிறான் என்றால் நல்ல கதைக்கு இடமுண்டு. (வருடா வருடம் குறிஞ்சி பூக்கும் கதைகளும் வரத்தான் செய்கின்றன. வேறு ஆண்டுக்கணக்கில் பூக்கும் குறிஞ்சி வகைகள் உண்டு. அதை நினைத்து எழுதியிருந்தால் மன்னிக்கலாம்.)

இங்கே இரண்டு 'நான்' இருக்கிறார்கள். நடந்ததைப் பார்த்த சிறுவன், இப்போது சொல்கிற இளைஞன். யார் வாயில் எந்த வாக்கியம் என்று பிரிக்காவிட்டால் எட்டு வயதுப் பையன் "அப்பாவைக் கடன் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது" என்று பேசத் தொடங்கிவிடுவான். பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்குத் தெரிவது இவ்வளவுதான்: "பரணில் விதைக்கு வைத்திருந்த பூண்டையெல்லாம் இறக்கிவிட்டார்கள். ஒளிந்து விளையாட நல்ல இடம் கிடைத்தது." அவனுக்குச் சந்தோஷம். விதைப் பூண்டையே விற்கிற நிலைமை என்று வாசகருக்குப் புரியும். சிறுவர் பார்வையில் எழுதுவதன் லாபமே அந்த இடைவெளிதான். அதைப் பெரியவர் அறிவால் நிரப்புவது கையில் வந்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

'நான்' என்று தன்மையில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சின்ன விஷயம். "என் முகம் வெளிறியது" என்று எழுதாதீர்கள். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்' வேண்டாம். 'வந்தேன்' என்பதிலேயே நான் இருக்கிறேன்.

ரயில் அட்டவணை பேசும் பாத்திரங்கள்

"உனக்குத்தான் தெரியுமே, நம்ம மலை ரயில் 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்தது." குன்னூரில் பிறந்து வளர்ந்த இருவர் இப்படிப் பேசிக்கொள்ளமாட்டார்கள். இந்தத் தகவல் எழுத்தாளருக்குத் தேவைப்படுகிறது, பாத்திரத்துக்கு இல்லை.

ஆனால் தகவலே கூடாது என்பதும் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். மூச்சுமுட்டும் பட்டியல்தான். கபிலருக்கும் கொஞ்சம் காட்டிக்கொள்ளும் ஆசை இருந்திருக்கும், சந்தேகமில்லை. இருந்தும் நாம் ஏற்றுக்கொள்கிறோம். சொல்வது தலைவியின் தோழி, கேட்பது தலைவியை வளர்த்த செவிலித்தாய். பூப்பறித்துத் திரிந்தவள் அவளே. தலைவியின் காதலைச் செவிலியிடம் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில், அதற்கு முன் அந்த நாள் எப்படிப் போயிற்று என்று விவரித்துக்கொண்டு வருகிறாள். விஷயத்துக்கு வருவதைத் தள்ளிப்போடும் பேச்சாகவும் எனக்கு அது படுகிறது. தகவலுக்கு ஒரு வாய், ஒரு காது, ஒரு காரணம் மூன்றும் இருக்கின்றன. மேலே சொன்ன ரயில்கூட, சுரங்கப் பாதை வருமுன் பயணிகளிடம் பெருமையடிக்கும் ஒரு பழைய ஊழியரின் வாயில் வந்தால் நன்றாகவே ஓடும்.

'நாங்கள்' என்று சொல்வதற்கு முன்

வெள்ளந்தியான மலைவாசி என்று ஒரு பாத்திரம் உண்டு. தேன் எடுப்பார், மூலிகை கொடுப்பார், கதாநாயகனுக்கு வழி காட்டுவார், நடுவில் ஒரு தத்துவம் சொல்வார். அவருக்கென்று ஒரு பொறாமை, ஒரு கடன், ஒரு கெட்ட ஜோக் இருக்காது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று பல பழங்குடிகள்; தனி மொழி பேசும் படகர்கள்; 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். பழனி மலைப் பக்கம் போனால் பளியர்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே 'மலைவாசி'க்குள் அடைத்தால் யாருடைய கண்ணும் கிடைக்காது.

வெளியூர்க்காரர் இவர்களில் ஒருவராக மாறி 'நாங்கள்' என்று எழுதத் துணியும்போது, கொஞ்சம் மொழிச் சொற்களைத் தூவினால் போதும் என்று நினைக்கிறார். படகர் ஊருக்கு ஹட்டி, தோடர் குடியிருப்புக்கு மந்து என்று வந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே விளக்கம். தன் ஊரைத் தானே விளக்கிக்கொண்டிருக்கும் கதைசொல்லி யாரிடம் பேசுகிறார்? சென்னை வாசகரிடம். அங்கேயே 'நாங்கள்' உடைந்துவிடுகிறது.

அதற்குப் பதில் வெளியாளையே கதைசொல்லியாக வைக்கலாம். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், முதல் பனிக்காலத்தில் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் நிற்பவர். அவருக்குப் பச்சைக் கம்பளம் தெரியலாம். முதல் வாரம் தெரியத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் எதற்குச் சிரித்தார் என்று அவருக்குப் புரியாது. புரியாததைப் புரியாததாகவே அவர் எழுதட்டும். பத்தாவது பக்கத்தில் அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று அவர் கண்டுபிடிக்கட்டும்.