உப்பு போகாமல் ஒட்டாதீர்கள்: கடற்கரை வீட்டுக் கைவேலையில் நடக்கும் தவறுகள்

பரமக்குடியில் நாத்தனார் வீடு கட்டிப் பால் காய்ச்சினபோது, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுக்குச் சுற்றிலும் சிப்பி ஒட்டிச் சட்டம் செய்து கொடுத்தேன். மண்டபம் கரையில் நானே பொறுக்கிய வெள்ளைச் சிப்பி. காலையில் அலசி, மதியம் வரை வெயிலில் போட்டு, சாயங்காலம் ஒட்டி, மறுநாள் வார்னிஷும் அடித்தாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் போன் வந்தது, "மதினி, ராத்திரியில ஒவ்வொண்ணா விழுது, டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது" என்று. போய்ப் பார்த்தால், விழுந்த சிப்பியின் அடியில் மாவு தூவினது போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அன்றிலிருந்து யார் கைவேலை கற்றுக்கொள்ள வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் கரையில் கிடைக்கும் பொருள் எதுவானாலும், சிப்பி, மரத்துண்டு, பழைய வலை, கயிறு எதுவானாலும், அதற்குள் கடல் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது மேலே மட்டும் படிந்திருந்தால் ஒரு அலசலில் போய்விடும், ஆனால் சிப்பியின் நுண்ணிய துளைகளுக்குள்ளும் மரத்தின் நாருக்குள்ளும் இறங்கியிருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் உப்பு அதை இழுத்துக் கரைகிறது, வெயில் அடித்தால் திரும்பக் கட்டியாகிறது, கட்டியாகும்போது மேலே உள்ள பசையையும் பெயின்டையும் உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. பசையை மாற்றிப் பார்ப்பதும் இன்னொரு கோட் வார்னிஷ் அடிப்பதும் இதற்கு மருந்தே ஆகாது. ஊறவைக்க வேண்டும், வேறு வழி இல்லை. சிப்பியை மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி. மிதந்து வந்த மரத்தை, கை மணிக்கட்டுப் பருமன் இருந்தால், இரண்டு மூன்று வாரம். பிறகு நிழலில் நன்றாகக் காயவிட்டு, கடைசியாக இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். மரத்தின் வெட்டு முனையில் வெள்ளை பூத்தால் இன்னும் உப்பு இருக்கிறது, திரும்பத் தொட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

இதில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் பார்த்தால் 'குழாய்த் தண்ணீரில் கழுவவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே பாதி ஊரில் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் உவர். குடிக்கிற தண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு போகிற ஊரில், சிப்பி ஊறவைக்க நல்ல தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் நான் செய்வது, முதல் இரண்டு ஊறலும் உவர்த் தண்ணீரில். கடல் தண்ணீரோடு பார்த்தால் அதில் உப்பு குறைவுதான், பெரும்பகுதியைக் கரைத்துவிடும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில், அரிசி களைவது போல ஒரு சின்னப் பாத்திரத்தில். மரத்துண்டுகளை வைகாசி, ஆனியில் பொறுக்கிக் கொல்லையில் போட்டு வைத்தால், ஐப்பசி கார்த்திகை மழையே மிச்சத்தைக் கழுவிக் கொடுத்துவிடும். தை பிறந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். ஆறு மாசமா என்று கேட்பார்கள். ஆமாம், ஆறு மாசம்தான்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படுகிற தவறுக்கு வருகிறேன்: கரையில் கிடப்பதெல்லாம் எடுக்கலாம் என்று நினைப்பது. வெள்ளை வெளேரென்று, பூ மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒதுங்கிக் கிடக்குமே, அது பவளம். செத்துக் காய்ந்து கிடந்தாலும் எடுக்கக் கூடாது. 1972-ம் வருடத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, பெரிய சங்கு வகைகளிலும் சிலவற்றுக்கு உண்டு. சிறைத் தண்டனை மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை போகலாம். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 புயலில் இடிந்த கோயில், தேவாலயச் சுவர்களிலிருந்து ஒரு துண்டை ஞாபகத்துக்கென்று பையில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர்க் கல்லும் பவளக்கல்தான். அந்தக் காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் அதை வெட்டி வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று கணக்கு, 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், அதில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. கடலுக்கடியில் உள்ள பவளத் திட்டை, அதாவது பவளப் பாரை, வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அலையைத் தடுத்து நிற்பது அந்தப் பார்தான். அதை எடுத்து அலமாரியில் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை, உங்களுக்கும் ஒப்பக்கூடாது என்று ஆசைப்படுகிறேன்.

கடையில் விற்கிறார்களே என்பார்கள். விற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, எதை எடுக்கலாம்? வீட்டில் சமைத்த மட்டியின் ஓடு. அலை அடித்து ஓரம் மழுங்கிய சாதாரணச் சிப்பி, அதுவும் ஒரு கைப்பிடி. சங்கு அறுக்கிற இடங்களில் கேட்டு வாங்கும் வெட்டுத் துண்டுகள், அவை பளபளவென்று நன்றாகவே இருக்கும். கணவாய் கழுவும்போது தூக்கி எறிகிற கணவாய் ஓடு, ஆணியாலேயே செதுக்கலாம், அவ்வளவு மெத்து. முழுச் சங்கு அகப்பட்டால் உடனே பைக்குள் போடாமல் ஈர மணலில் கவிழ்த்து வைத்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உள்ளே நண்டு குடியிருந்தால் மெல்லக் காலை நீட்டும். அப்படி நீட்டினால் அது அதன் வீடு, விட்டுவிடுங்கள். கூம்பு வடிவத்தில் கோலம் போட்டது போல இருக்கும் சங்குகளைப் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள், உயிரோடு இருந்தால் அவை கொட்டும், சில இனங்களின் விஷம் ஆளையே கொன்றுவிடும்.

சிப்பியைப் பளிச்சென்று ஆக்க ஆசிட்டில் போடுவது அடுத்த தவறு. சிப்பி என்பதே சுண்ணாம்புதான், ஆசிட் அதைத் தின்னும். இரண்டு நிமிடம் வெள்ளையாகத் தெரியும், அப்புறம் பளபளப்பு போய் சாக்பீஸ் போல ஆகிவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து ஊறவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து கலக்காதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு, மூடிய குளியலறையில் மூச்சை அடைத்துவிடும். பழைய பல்துலக்கியும் சோப்பும் போதும். நாற்றம் பிடித்த சிப்பியை இரண்டு வாரம் மணலில் புதைத்து வைத்தால் எறும்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். துளை போடும்போது ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்துக் கையால் சுற்றும் துளையூசியால் போடுங்கள். காய்ந்த சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படகுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும் கிழிந்த வலை குப்பை இல்லை, அடுத்த வலைக்கு ஒட்டுப்போட வைத்திருப்பது. உடைந்த பலகையும் அப்படித்தான், அதற்கும் சொந்தக்காரர் இருப்பார். "அண்ணே, இது வேணுமா, எடுத்துக்கலாமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் வேண்டாத வலையைத் தாங்களே வெட்டிக் கொடுப்பார்கள், எனக்கு இதுவரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை. கொண்டு வந்த வலையை மாடியிலோ வாசல் கம்பியிலோ அலங்காரமாகத் தொங்கவிடாதீர்கள். அணிலும் குருவியும் மாட்டிக்கொள்ளும். வெயிலில் நைலான் நொறுங்கி நூல் நூலாக உதிர்ந்து திரும்பக் கடலுக்கே போகும். வீட்டுக்குள்ளே, சுவரில், இறுக்கமாகச் சட்டத்தில் கட்டினால் சரி. வெட்டும்போது கீழே செய்தித்தாளை விரித்து, துணுக்குகளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். படகுப் பலகையைத் தேய்க்கும்போதும் கவனம் வேண்டும், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பனை ஓலை வேலையில் தவறு வேறு மாதிரி. சாயல்குடிப் பக்கம் எங்கள் பெரியம்மா கொட்டான், அதாவது ஓலைப் பெட்டி, முடைவார். முடையத் தொடங்கும் முன் குருத்தோலையை ஒன்று உருவிக் காதுப் பக்கம் வைத்து மெல்ல மடிப்பார். சரசரவென்று சத்தம் வந்தால் ஈரத் துணியில் சுற்றி வைப்பார். சத்தமே இல்லாமல் துவண்டால் திரும்ப வெயிலுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே, லேசாக ஒரு முனகல் போல வந்தால்தான் கை வைப்பார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஓலை வளையவில்லை என்று தண்ணீரில் ஊறப்போட்டு முடைகிறார்கள். முடையும்போது சுகமாகத்தான் இருக்கும், காய்ந்த பிறகு ஓலை சுருங்கி, கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு, பெட்டி ஜல்லடை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, வடலிகளில், அதாவது இளம் பனைகளில், குருத்தை மொத்தமாக வெட்டுவது. மரத்துக்கு ஒன்றோடு விடுங்கள், வளருகிற மரம். சாயத்துக்கு மஞ்சளை நம்பாதீர்கள், வெயிலில் வெளுக்கும், சோப்புத் தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். எனாமல் பெயின்ட் அடித்தாலும் மடிப்பில் வெடிக்கும். ஓலைக்குச் சாயத்தில் போட்டு வேகவைப்பதுதான் முறை. முடைந்ததை பாலிதீன் பையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மரம் வேண்டும் என்றால் சீமைக் கருவேலத்தை எடுங்களேன். நம் மாவட்டம் முழுக்க மண்டிக் கிடக்கிறது, வெட்டினால் யாரும் வருத்தப்படப் போவதில்லை, இழைத்தால் உள்ளே நல்ல சிவப்பு. பச்சையாகச் செதுக்கினால் மட்டும் வெடிக்கும், பட்டையை உரித்து நிழலில் காயவிடுங்கள், பட்டைக்கு அடியில்தான் வண்டு வரும். காரங்காடு பக்கம் இருக்கும் அலையாத்தி மரங்களின் வேரை, காய்ந்து கிடக்கிறதே என்று ஒடிக்காதீர்கள்.

சிரட்டையில் தேங்காய்ப் பருப்பு துளி ஒட்டியிருந்தாலும் எறும்பும் பூஞ்சணமும் வரும், சுரண்டிவிட்டு உப்புத்தாளில் 80, 120, 220 எண் என்று, சொரசொரப்பிலிருந்து மெல்லியதுக்கு வரிசையாகத் தேயுங்கள். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அதன் மேல் வார்னிஷ் அடித்தால் பிடிக்காது, இரண்டில் ஒன்றுதான். சிரட்டை விளக்கு, ஓலை விளக்கு எதுவானாலும் உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன எல்இடி போதும்.

பாட்டிலில் கைவேலை செய்யவென்றே புது பாட்டில் வாங்குவதையும், மினுக்குத் தூள், தெர்மாகோல் எல்லாம் வாங்கிக் குவித்து அதை மறுசுழற்சி என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கையில் கழிவு இருந்தால் அதில் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணெண்ணெய் நூல் கட்டிக் கொளுத்தி வெட்டும் வித்தையையும் வீட்டில் செய்யாதீர்கள். வெட்டாத பாட்டிலே அழகுதான், கழுத்தில் பனை நாரைச் சுற்றினால் போதும்.

பசையில், சூடாக்கி ஊற்றும் குச்சிப் பசை நம் சித்திரை வெயிலுக்கு மேற்குச் சுவரில் இளகிவிடும். வெள்ளைப் பசை ஈரத்துக்கு விட்டுப்போகும். சிப்பிக்கும் கண்ணாடிக்கும் இரண்டு குழாயும் சம அளவு கலக்கிற எபாக்சிதான் நிற்கிறது, ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். வார்னிஷைச் சாயங்காலம் அடிக்காதீர்கள், இரவுக் கடல்காற்றின் ஈரம் பட்டுப் பால் போல வெளுக்கும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். மாட்டுவதற்கு இரும்புக் கம்பி, சாதாரண ஆணி இரண்டும் கூடாது, ஒரே வருடத்தில் துருவேறி அறுந்து மொத்தமும் கீழே வந்துவிடும். பித்தளைக் கொக்கியும் செம்புக் கம்பியும் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான்.

நாத்தனார் கண்ணாடியை மறு வருடம் திருப்பி வாங்கி வந்து, சிப்பியையெல்லாம் பெயர்த்து ஊறப்போட்டேன். முதல் நாள் தண்ணீரில் உப்புக் கரித்தது, மூன்றாம் நாள் கரிக்கவில்லை. ஒட்டிக் கொடுத்து இரண்டு ஐப்பசி போய்விட்டது, இன்னும் போன் வரவில்லை.