"சுடுதண்ணி வரலைங்க": ஏற்காட்டில் வீடு வாடகைக்கு விட்டவர்கள் செய்யும் தவறுகள்

மார்கழியில் ஏற்காட்டிலிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சார், சுடுதண்ணி வரலைங்க." கீழே சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து அதைக் கேட்கும் வீட்டுக்காரருக்கு 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் உறைக்காது. "ரெண்டு நாள் அடுப்புல காய வெச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறேன்" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்த ஞாயிறு வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் வாடகையில் கழித்துக்கொள்கிறோம் என்று குடியிருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள்.

அப்போது நான் செய்த பெரிய தவறு, கோளாறு எங்கே என்று பார்க்காமலே செலவு யாருடையது என்று பேசியது. "கெய்சர் ரிப்பேர் எல்லாம் குடியிருக்கிறவங்க பாடு" என்றேன். அதில் பாதிதான் சரி. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கெய்சர் ரிப்பேரையும் சுவிட்ச், சாக்கெட் பழுதையும் குடியிருப்பவர் பக்கம் வைக்கிறது. ஆனால் ஒயரிங்கும் தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பக்கம். மலைமேல் வீடு வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. யார் எதைப் பார்ப்பது என்ற சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

சரி, கோளாறு எங்கே? பல நேரம் கெய்சரில் எதுவுமே இருக்காது. 15 லிட்டர் தொட்டி, 2,000 வாட் காயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 45-க்குக் கொண்டுபோகப் பத்து நிமிடம் போதும். மேலே அதிகாலையில் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் பதினாறு நிமிடம் பிடிக்கும். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் அதே காயில் சுமார் 1,200 வாட்தான் கொடுக்கும். இருபத்தைந்து நிமிடம் ஆகிவிடும். ஐந்து நிமிடம் போட்டுவிட்டுக் குழாயைத் திறப்பவருக்கு கெய்சர் கெட்டுப்போனதாகத்தான் தோன்றும். எலக்ட்ரீஷியனிடம் முதலில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள், கெய்சர் ஓடும்போதே. அப்போது வோல்டேஜ் அந்த வீட்டில் மட்டும் சரிந்தால் ஒயரில் சந்தேகம், அதாவது உங்கள் செலவு. தெருவுக்கே குறைவு என்றால் மின்வாரியத்தில் புகார். காயிலில் உப்பு படிந்திருந்தால் அது கெய்சர் ரிப்பேர் கணக்கு, குடியிருப்பவர் பக்கம். என் வீட்டில் ஒயர்தான் மெலிசு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அதைக் கண்டுபிடித்தபோது, போனில் பேசிய பேச்சு ஞாபகம் வந்து கூசியது.

அடுத்தது, தற்காலிகமாக எதையாவது கொடுத்துச் சமாளிப்பது. பிளாஸ்டிக் வாளிக்குள் ஹீட்டர் ராடு போட்டுக்கொள்ளச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் அதைச் சொல்லவே கூடாது. கேஸ் கெய்சர் அதைவிட மோசம்: குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். சோலார் வைத்திருப்பவர்கள் "இருபத்திநாலு மணி நேரமும் சுடுதண்ணி" என்று சொல்லி வீட்டை விடுவது இன்னொரு வம்பு. மூடுபனி நாட்களில் அது வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

வாடகையில் கழிக்கச் சொல்லிக் கேட்டால் கோபப்படாதீர்கள். கோபத்தில் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்துபவர்கள் உண்டு. சட்டம் அதை நேரடியாகவே தடை செய்கிறது, தொகை கேட்டவரின் கை அப்புறம் ஓங்கிவிடும். புகார் வந்த தேதி, ஆள் போன தேதி, கோளாறு சரிசெய்த தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பிலேயே எழுதிவையுங்கள். முழு வாடகையைக் கழிக்க வேண்டியதில்லை, வீடு முழுக்கவா கெட்டுப்போனது? தண்ணீர் காய்ச்ச ஆன கூடுதல் கேஸ் செலவு, அதற்கு மேல் தாமதித்த நாட்களுக்காகக் கொஞ்சம். ஒரு மாத வாடகையில் கழித்து ரசீதில் காரணத்தோடு குறியுங்கள். அட்வான்ஸில் பார்த்துக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலி செய்யும் நாளில் இருவருக்கும் வேறு வேறு தொகை ஞாபகம் இருக்கும். நான் 1,200 ரூபாய் கழித்தேன். அவர்கள் கேட்டது 1,500.

இப்போதெல்லாம் கார்த்திகை பிறக்குமுன் ஒரு தடவை எலக்ட்ரீஷியனை மேலே அனுப்பிவிடுகிறேன். முதல் நாளே குடியிருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான்.