தண்ணீர் வந்ததும் பம்பை மாட்டாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் குடிநீருக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுக்கொடுக்க வரும் புதுக் குழுக்கள் நல்ல மனதோடுதான் வருகின்றன. ஆனால் ஆண்டுதோறும் அதே தவறுகள்தான் நடக்கின்றன.

பரிசோதனைக்கு முன்பே திறப்பு விழா

400 அடியில் தண்ணீர் பீய்ச்சியதும் ஊரே கூடிவிடும். அந்தச் சூட்டிலேயே மேடை கட்டி, பம்பு மாட்டி, விழாவும் முடிந்துவிடும். தண்ணீர் மாதிரி ஆய்வகத்துக்குப் போவது அதற்கப்புறம். அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று முடிவு வந்தால், குடிக்கத் தொடங்கிவிட்ட ஊரை யார் தடுப்பது? இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முன்பே மாதிரி எடுத்து அனுப்பியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நஷ்டம் இது.

"பருப்பு நல்லா வேகுது, நல்ல தண்ணி" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் பருப்பு சீக்கிரம் வேகும். பாறையிலிருந்து வரும் ஃப்ளோரைடு கரைந்தே நிற்பதும் அதே தண்ணீரில்தான். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் சொல்லாது. பள்ளிப் பிள்ளைகளின் முன்பல்லைப் பாருங்கள்: சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளும் காவிக் கறையும் பல பிள்ளைகளுக்கு இருந்தால் அங்கே போர் போடும் ரிக் வண்டியை வரவழைக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

கம்ப்ரசரில் தண்ணீர் தெளியும்வரை ஓட்டுங்கள். பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்பி, இடம், ஆழம், தேதி எழுதி அனுப்புங்கள். முடிவு வரும்வரை கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கும் பைப்) வாயை மூடிபோட்டு இறுக்கிவிடுங்கள். திறந்த குழி பிள்ளைகளுக்கு எமன்.

அளவு மீறினால் "இன்னும் 200 அடி இறக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய ஆழத்து நீரில் ஃப்ளோரைடு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அந்தப் பணத்தை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து இணைப்பு நீட்டவும் தொட்டி கட்டவும் செலவிடுங்கள். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டமே ஃப்ளோரைடுக்காக வந்ததுதான்.

கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடுமா?

போகாது. வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

கேசிங்கில் மிச்சம் பிடிப்பது

கேசிங் பைப் கெட்டிப் பாறைக்குள் சில அடியாவது இறங்க வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் பால் ஊற்றி அடைக்காவிட்டால் மேல்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். கழிப்பறைக் குழி 15 மீட்டருக்குள் இருக்கவே கூடாது.

கிருமி நீக்கும் பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவில் போடுவது

ஆறரை அங்குல போரில் ஓரடிக்குச் சுமார் 6.5 லிட்டர் நீர் நிற்கும். 100 அடி நீருக்கு, 25 சதவீத குளோரின் உள்ள பவுடர் 130 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, 12 மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான மாதிரியை அதன் பிறகே எடுக்க வேண்டும்.