இம்யூனோதெரபி தொடங்கும் முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை

புற்றுநோய்க்குக் கொடுக்கும் இம்யூனோதெரபியை எதிர்ப்பு சக்தி ஏற்றும் சத்து ஊசி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நோயை எதிர்க்கும் நம் டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) சொந்த உடம்பையே தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அவற்றில் பிடி-1, சிடிஎல்ஏ-4 என்று சில பிரேக்குகள் இருக்கின்றன. பல புற்றுநோய் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்த பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பிடி-1-ஐ மறித்து அதை நடக்கவிடாமல் செய்கின்றன. பக்கவிளைவுகள் வருவதும் இதே காரணத்தால்தான்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் என்றால் பிடி-எல்1 அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா, கீமோ இல்லாமல் இது மட்டும் போதுமா என்று கேளுங்கள். ஆனால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்ற பரிசோதனை முடிவுகள் வரும்வரை பொறுத்திருக்க முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அந்த மாற்றங்கள் இருப்பவர்களுக்கு இந்த ஊசி பெரும்பாலும் அவ்வளவாகக் கேட்காது, அவர்களுக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. பெருங்குடல் புற்றுநோய் என்றால், இந்த ஊசி கேட்க வாய்ப்பிருக்கிறதா என்று காட்டும் எம்எஸ்ஐ பரிசோதனை செய்தாயிற்றா என்று பாருங்கள்.

முடக்குவாதம், சொரியாசிஸ், தைராய்டு கோளாறு, உறுப்பு மாற்று சிகிச்சை, தினமும் சாப்பிடும் ஸ்டீராய்டு, எதையும் மறைக்க வேண்டாம். மாற்று சிறுநீரகம் வைத்திருப்பவருக்கு அந்த உறுப்பையே உடம்பு நிராகரித்துவிடலாம்.

சரி, ஊசி தொடங்கியாயிற்று. பிரேக் விட்ட டி செல்கள் குடல், நுரையீரல், கல்லீரல், தோல், தைராய்டு என்று எங்கு வேண்டுமானாலும் கை வைக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள், அது குடல் அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். புது இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கண் இமை தொங்குவது, திடீரென்று அதிக தாகம் என்றால் காத்திருக்கவே கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெரும்பாலானவற்றுக்கு மருந்து ஸ்டீராய்டுதான். வாரக்கணக்கில் மெதுவாகக் குறைப்பார்கள், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் போனால் பொதுவாக மாத்திரையோடு ஊசியைத் தொடரலாம்.

முதல் ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் சிலருக்கு அது உள்ளே நுழைந்த நோய் எதிர்ப்பு செல்களால் வந்த வீக்கமாகவும் இருக்கும், அரிதுதான், ஆனாலும் மறு ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள்.

அப்புறம், மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இந்தத் தொல்லைகள் வரலாம், அப்போது பார்க்கப்போவது உங்களைத் தெரியாத டாக்டராக இருக்கலாம்.