குப்பிக்கு எது நோய், எது மருந்து என்று தெரியாது

போன வாரம், புதிதாகச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கில்லன் பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) நோயாளிக்கு, ரத்தத்திலிருந்து நோய் தரும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) பிடித்து நீக்கும் இம்யூனோஅட்சார்ப்ஷன் சிகிச்சைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். "இவருக்கு இம்யூனோகுளோபுலின் மருந்து எப்போது ஏறி முடிந்தது?" என்று கேட்டேன். "நேற்று சாயங்காலம்தான்." பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். இதே படிவத்தை ஒரு காலத்தில் நானும் நிரப்பியிருக்கிறேன்.

இந்தச் சிகிச்சையில் நாங்கள் செய்யும் தவறுகளும் தப்பான நம்பிக்கைகளும்தான் கீழே இருப்பவை. கை கழுவுவது, பெயர்ப்பட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் இங்கே வராது. அவை எல்லோருக்கும் தெரியும்.

'நச்சு' என்ற சொல்லை நம்புவது

இந்தச் சிகிச்சைக்குச் சொல்லும் நச்சு நீக்கம் என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தசைகள் பலவீனமாகும் மயஸ்தீனியா நோயில் வெளியிலிருந்து எந்த நஞ்சும் வந்துவிடவில்லை. உடம்பே தயாரித்த ஆன்டிபாடி, நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்குகிறது. ஐஜிஜி (IgG) என்ற வகை ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை சுமார் 150 கிலோடால்டன், பெரியது. சிறுநீரக டயாலிசிஸ் சவ்வில் அது நுழையாது. அதனால்தான் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைத் தனியே பிரித்து, ட்ரிப்டோபான் அல்லது புரோட்டீன் ஏ ஒட்டிய மணிகள் நிறைந்த குப்பி வழியே ஓட்டி, திரும்ப உடம்புக்கே விடுகிறோம். (எங்கள் பேச்சில் அது 'காலம்', ஆங்கில column. எழுத்தில் நேரத்தோடு குழம்பும் என்பதால் குப்பி என்றே எழுதுகிறேன்.)

மருந்தை ஏற்றிவிட்டு மறுநாள் குப்பியை மாட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். இம்யூனோகுளோபுலின் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், ஐந்து நாளில் ஏறும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜி அது. உடம்பில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். அத்தனை நாள் இருந்து வேலை செய்ய வேண்டிய மருந்தை மறுநாளே குப்பி வழியே ஓட்டினால் என்ன ஆகும்? நோயைத் தரும் ஐஜிஜி எது, கொடையாளர் தந்தது எது என்று அந்த மணிகளுக்குத் தெரியாது. கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

என் முதல் வருஷத்தில் இளைஞர் ஒருவர் வந்தார். ஐந்து நாள் மருந்து முடிந்தது. ஆறாம் நாளும் காலைத் தூக்க முடியவில்லை. வீட்டார் வாசலில் நின்றுகொண்டு, "வேறு ஏதாவது செய்யுங்கள்" என்றார்கள். செய்தேன், மூன்று அமர்வு. புரோட்டீன் ஏ குப்பியில், பிடித்த ஆன்டிபாடியை அமிலக் கரைசல் விட்டுக் கழுவி வெளியேற்றுவோம். அந்தக் கழுவுநீர் சொட்டுச் சொட்டாகக் கழிவுப்பையில் இறங்குவதைப் பார்த்து, "எவ்வளவு நோய் வெளியே போகிறது பார்" என்று பெருமையாகச் சொன்னேன். பின்னால் நின்ற மூத்த செவிலியர் மெதுவாகக் கேட்டார்: "நேற்று நான் ஏற்றின மருந்துமா போகுது?" எனக்குப் பதில் வரவில்லை.

ஆறாம் நாள் நடக்கவில்லை என்றால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆன்டிபாடி போன பிறகும் நரம்பின் உறை வளர வாரங்கள் ஆகும். 1997-இல் வெளியான பெரிய ஆய்வில், முதலில் பிளாஸ்மா மாற்றம் (பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் விடுவது), அப்புறம் இம்யூனோகுளோபுலின் என்று சரியான வரிசையில் கொடுத்தும்கூட, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. சரி, இன்னொரு சுற்று மருந்தே ஏற்றலாமே என்றால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனாலும் பலனில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று 2021-இல் வந்த ஆய்வு சொல்லிவிட்டது. காத்திருப்பதும் சிகிச்சைதான் என்பதை வாசலில் நிற்கும் வீட்டாரிடம் சொல்வது கஷ்டம், தெரியும். அதற்காகக் குப்பியை மாட்டக் கூடாது.

நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமாப், எகுலிசுமாப் போன்ற மருந்துகளும் ஆன்டிபாடிகளே. அவற்றுக்கும் இதே கதிதான். முதலில் குப்பி, பிறகு மருந்து. ரிட்டுக்சிமாப் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால் 48 முதல் 72 மணி நேரமாவது பொறுப்பது வழக்கம்.

ரத்த மாதிரியைப் பிறகு எடுப்பது

ஆன்டிபாடி சோதனைக்கான ரத்தத்தை முதலில் எடுங்கள். குப்பிக்குப் பின் எடுத்தால் இருக்கிற ஆன்டிபாடியும் இல்லை என்று வரும். இம்யூனோகுளோபுலினுக்குப் பின் எடுத்தால் இல்லாததும் இருப்பதாக வரும்.

பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்காமல் விடுவது

"பிரஷருக்கு ஒரு மாத்திரை, வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்பார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்'லில் முடிந்தால் நிறுத்துங்கள். பிளாஸ்மா குப்பியின் பரப்பில் படும்போது பிராடிகைனின் உருவாகலாம். அதைச் சிதைக்கும் நொதியைத்தான் இந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரசரவென இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசி மாத்திரைக்கும் அமர்வுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இன்னும் கூடுதலாக இடைவெளி விட்டு வேறு மருந்துக்கு மாற்றுவதை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

உதட்டு மரமரப்பை நோய்க்கணக்கில் எழுதுவது

கில்லன் பாரே நோயாளிக்கு ஏற்கெனவே கைகால் மரத்திருக்கும். அமர்வின் நடுவே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றால், ரத்தம் உறையாமலிருக்க விடும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர் அதைச் சொல்லவும் முடியாது. அவருக்கு ரத்தத்தின் அயனிக் கால்சியத்தை அளந்துதான் பார்க்க வேண்டும். மயஸ்தீனியா நோயாளிக்குக் கூடவே மெக்னீசியமும் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். தசை பலவீனம் கூடிவிடும்.

எல்லாக் குப்பியும் ஒன்றுதான்

இல்லை. புரோட்டீன் ஏ-யில் ஐஜிஜியின் ஓர் உள்வகையான ஐஜிஜி3 சரியாக ஒட்டாது. மஸ்க் (MuSK) என்ற தசைப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி உள்ள மயஸ்தீனியாவில் ட்ரிப்டோபான் குப்பி அவ்வளவாக உதவாது.

தினமும் ஓட்டினால் சீக்கிரம் குணம்

ஐஜிஜியில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கிறது. அது உள்ளே வர ஒன்றிரண்டு நாள் கொடுங்கள்.

கடைசி அமர்வு முடிந்த கையோடு கழுத்துக் குழாயை உருவுவது

ட்ரிப்டோபான் குப்பி, ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜெனையும் பிடித்துக்கொள்ளும். அளவு பார்க்காமல் கை வைக்காதீர்கள்.