ஹோமி பாபாவின் விமானம் விழுந்த மலைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் புதுச்சேரிக்காரர்களில் சிலர், பாரிஸ், லூர்து எல்லாம் முடித்துவிட்டு ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான ஷமோனி பக்கமும் ஒரு நடை போய் வருகிறார்கள். 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் அங்குள்ள மோன் பிளான் மலையில்தான் மோதியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்துபோனார்கள். அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் ஏதோ சுற்றுலாத் தலத்துக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பிவிடக் கூடாது.

விமானம் மோதிய இடத்துக்கே நடந்து போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. அது சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், சிகரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தேர்ந்த மலையேறிகளுக்கான இடம். நாம் போகக்கூடியது போஸோன் கிராமத்திலிருந்து பனியாற்றின் ஓரமாக ஏறும் காட்டுப்பாதைதான். 1,895 மீட்டரில் இருக்கும் பிரமிட் ஷாலே என்ற மலைக்குடில் வரை போவதென்றால் கிட்டத்தட்ட 2,900 அடி ஏற வேண்டும். செஞ்சி ராஜகிரியை மூன்றரை தடவை ஏறுவதற்குச் சமம். மூட்டுவலி உள்ள பெரியவர்களைப் பாதி வழியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பு, வழுவழுப்பான அடிப்பாகமுள்ள ஷூ இரண்டும் ஆகாது. காலையில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரையும் மழைக்கோட்டையும் அறையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடையில் அங்கே மதியத்துக்கு மேல் இடி மழை சட்டென்று வரும்.

பனியாற்றின் மேல் கால் வைப்பதுதான் உயிருக்கே ஆபத்தான தவறு. பார்க்க அசையாமல் கிடப்பதுபோல இருக்கும், ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே பனி மூடிய வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏற ஏறப் பெரிய பனிப்பாளங்கள் சரிந்து விழும். போட்டோவுக்காக அதன் வாய்ப்பகுதிக்குக் கீழே போய் நிற்கவே கூடாது.

அந்த நகர்வுதான் மேலே புதைந்ததையெல்லாம் பல ஆண்டுகள் கழித்துக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. 2012இல் இந்திய அரசின் தூதரகத் தபால் பை ஒன்று கிடைத்தது. 2020இல் 1,350 மீட்டரில் கஃபே நடத்தும் ஒருவருக்கு 1966 ஜனவரி மாத இந்திய நாளிதழ்கள் கிடைத்தன. இந்திரா காந்தி பிரதமராகும் செய்தி அப்போதும் படிக்கும்படி இருந்தது. மனித உடல் பாகங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. அதனால் ஒரு சின்னத் தகரத் துண்டைக்கூட ஞாபகத்துக்கு என்று எடுத்துப் பையில் போடாதீர்கள். அது யாரோ ஒருவருடைய கடைசிப் பயணத்தின் மிச்சம். 2013இல் மரகதம், மாணிக்கம், நீலம் நிறைந்த பெட்டி ஒன்றைக் கண்டெடுத்த மலையேறி, அதை நேராகப் போலீசிடம்தான் கொடுத்தார். எட்டு ஆண்டு கழித்து அதில் பாதி அவருக்கே வந்தது. நீங்கள் எதையாவது பார்த்தால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு ஷமோனியில் உள்ள ஜாந்தார்மரியில் (போலீஸ் நிலையத்தில்) சொல்லுங்கள். கும்பிட மனம் வந்தால் நின்று கும்பிடுங்கள். கற்பூரம், ஊதுவத்தி, பூ எதையும் வைத்துவிட்டு வர வேண்டாம்.

கண்ணில் படுவதெல்லாம் 'பாபா விமானம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் சரியில்லை. 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' இதே மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். பாபாவின் விமானம் விழுந்தது சதி என்ற பேச்சும் அப்படித்தான். விமானத்தில் திசைகாட்டும் கருவி ஒன்று பழுதாகியிருந்தது, மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி தவறாகக் கணக்கிட்டார் என்பதே விசாரணையில் வந்த முடிவு.

அப்புறம், விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டை ஊரிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். மலைநடைக்கு அது செல்லுமா என்று முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அங்கே அழைக்க வேண்டிய எண் 112.