மீட்ட பூனையை ஃபிளாட்டுக்குக் கொண்டுவரும்போது

முதல் நாளே வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். பழகாத பெரிய இடத்தில் பூனை பீரோவுக்குப் பின்னால் புகுந்துகொண்டு, சாப்பிடக்கூட வெளியே வராது. ஒரு சின்ன அறை போதும். அதில் ஒளிந்துகொள்ள, பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. ஒரு மூலையில் மலஜலம் கழிக்க மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும். அருகருகே வைத்தால் ஏதாவது ஒன்றை ஒதுக்கிவிடும்.

மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழம் இருக்கட்டும். வாசனை சேர்த்தது வேண்டாம், அந்த மணம் நமக்குத்தான் பிடிக்கும். காப்பகத்தில் பழகிய அதே வகையில் தொடங்கி, பிறகு மெல்ல மாற்றலாம்.

நீங்களாகத் தூக்காதீர்கள். தரையில் உட்கார்ந்திருங்கள், அதுவே வரும். நன்றாகச் சாப்பிட்டு, வாலை உயர்த்தி நடக்கத் தொடங்கியதும் அடுத்த அறையைத் திறக்கலாம். சில பூனைகளுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 3 வாரம்.

24 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையா? மருத்துவரிடம் கொண்டுபோவதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜன்னலுக்கு நைலான் கொசுவலை போதாது, நகத்தால் கிழித்துவிடும். உலோக வலையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்குங்கள். லில்லிப் பூங்கொத்து வீட்டுக்குள் வரவே கூடாது. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம்.